ஹெஸ்டரின் ஊசியும் டிம்ஸ்டேலின் சாட்டையும்

நத்தானியேல் ஹாத்தோர்ன் எழுதி 1850இல் வெளிவந்த 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலை முதல் தடவை படித்தபோது எனக்கு அதில் வரும் இளம் போதகன் டிம்ஸ்டேல் மேல்தான் இரக்கமெல்லாம் வந்தது. இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் தோளில் தானே சாட்டையால் அடித்துக்கொள்கிறான், முழங்கால் நடுங்கும்வரை நோன்பிருக்கிறான், விடிய விடிய விளக்கில்லாமல் விழித்திருக்கிறான், பகலில் நெஞ்சில் கை வைத்தபடியே நடக்கிறான். இவ்வளவு வருத்திக்கொள்கிற மனிதன் நல்லவனாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பல வருடம் கழித்து மறுபடி எடுத்துப் படித்தபோது வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஏழு வருடத்தில் அவனுடைய குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது யார் பக்கத்தில் இருந்தார்கள்? அதற்குப் பிறகு அந்தச் சாட்டை எனக்கு முன்போலத் தெரியவில்லை.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1640களின் பாஸ்டன். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் புதிதாக அமைத்துக்கொண்ட ஊர், அங்கே வேதமும் சட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹெஸ்டர் பிரின் என்ற இளம்பெண்ணை அவளைவிட வயதில் மிக மூத்த கணவன் முன்னால் அனுப்பி வைக்கிறான், பின்னாலேயே வருகிறேன் என்றவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை, கடலில் செத்திருப்பான் என்று ஊர் நினைக்கிறது. இதற்கிடையில் அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. மூன்று மாதக் கைக்குழந்தையோடு அவளைச் சிறையிலிருந்து கூட்டி வந்து சந்தைத் திடலில் தண்டனை மேடை மேல் நிறுத்துகிறார்கள். மூன்று மணி நேரம் ஊர் முன்னால் நிற்க வேண்டும், அப்புறம் வாழ்நாள் முழுக்க மார்பில் சிவப்புத் துணியில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை அணிய வேண்டும். கணவனுக்குத் துரோகம் செய்தவள் என்பதைக் குறிக்கும் 'அடல்ட்ரி' என்ற சொல்லின் முதல் எழுத்து அது. குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்லு என்று மேல்மாடத்தில் நின்று அவளைக் கேட்கும் பொறுப்பை ஊர்ப் பெரியவர்கள் யாரிடம் கொடுக்கிறார்கள் தெரியுமா, அந்தத் தகப்பனிடமே. டிம்ஸ்டேல் நடுங்கும் குரலில் கேட்கிறான். அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். அதே கூட்டத்தில், அன்றைக்குத்தான் ஊருக்குள் வந்த அவள் கணவன் நின்றுகொண்டிருக்கிறான்.

இது கற்பனைக் கதைதான், ஆனால் அந்தப் பயம் கற்பனை இல்லை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அந்தக் காலத்தில் இந்தக் குற்றத்துக்குச் சட்டப்படி மரண தண்டனை இருந்தது, 1644இல் மேரி லாதம் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணையும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவனையும் இதற்காகவே தூக்கிலிட்டார்கள். பக்கத்துக் குடியேற்றமான பிளிமத்தில் உடையில் எழுத்தைத் தைத்து அணிய வைக்கும் சட்டமே வந்தது. ஹெஸ்டர் உயிரோடு விடப்பட்டதே அவர்கள் கணக்கில் பெரிய கருணை.

சரி, இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவமானம் வேறு, குற்ற உணர்வு வேறு. அவமானம் மற்றவர்கள் பார்வையில் இருப்பது, ஊர் கொண்டுவந்து நம் மேல் ஒட்டுவது. குற்ற உணர்வு யாரும் பார்க்காதபோதும் உள்ளே இருப்பது, தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறோமே, அது. ஊர் ஹெஸ்டருக்குக் கொடுத்தது அவமானத்தை. அது வெளியே ஒட்டினால் போதும், உள்ளே குற்ற உணர்வு தானாக முளைத்துவிடும் என்று நீதிபதிகள் நம்பினார்கள். முளைக்கவில்லை. அந்த எழுத்து தன் வேலையைச் செய்து முடிக்கவில்லை என்று ஹாத்தோர்னே நாவலின் நடுவில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார், என்னைக் கேட்டால் மொத்த நாவலையும் திறக்கும் சாவி அந்த ஒரு வரிதான். டிம்ஸ்டேலுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அவனுக்கு அவமானமே வரவில்லை, ஊர் அவனைத் தெய்வப்பிறவி என்று கொண்டாடுகிறது, உள்ளே இருப்பதெல்லாம் குற்ற உணர்வுதான்.

அந்தக் குற்ற உணர்வு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டிம்ஸ்டேல் பலமுறை பிரசங்க மேடையில் ஏறி, நான் பாவிகளிலெல்லாம் மோசமான பாவி, உங்கள் கண்முன்னால் நான் எரிந்து போகாமல் இருப்பதே அதிசயம் என்று சொல்கிறான். கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இவ்வளவு தூய மனிதரே தன்னை இப்படிச் சொல்கிறாரே, நம் நிலைமை என்ன என்று இன்னும் அதிகமாகக் கும்பிடுகிறார்கள். இப்படித்தான் நடக்கும் என்பது அவனுக்கு முன்னாலேயே தெரியும். ஒப்புக்கொண்டது போலவும் ஆயிற்று, யாருக்கும் தெரியாமலும் போயிற்று. பெயர் சொல்லாத, தேதி சொல்லாத, பாதிக்கப்பட்டவளைச் சுட்டாத பாவ அறிக்கை அது, உண்மையைச் சொல்லியே பொய்யாக்கிவிடுகிற வித்தை. அதற்கப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாட்டையை எடுக்கிறான். அடி விழுவது அவன் தோளில், ஆறுதல் கிடைப்பதும் அவனுக்குத்தான். கடற்கரை ஓரக் குடிசையில் இருக்கிற தாய்க்கும் பிள்ளைக்கும் அதனால் ஒரு துண்டு ரொட்டிகூடப் போய்ச் சேர்வதில்லை.

ஒரே ஒரு தடவை அவன் அவளுக்காக வாய் திறக்கிறான். குழந்தையை அவளிடமிருந்து பிரித்து வேறு இடத்தில் வளர்க்கலாமா என்று கவர்னர் வீட்டில் பேச்சு வருகிறது. ஹெஸ்டர் அவன் பக்கம் திரும்பி, நீ எனக்காகப் பேசு என்று கிட்டத்தட்ட கத்துகிறாள். அவன் பேசுகிறான், நன்றாகவே பேசுகிறான், குழந்தை தாயிடமே இருக்கிறது. அவனால் முடியும் என்பதற்கு அந்தக் காட்சியே சாட்சி. அதனால்தான் மற்ற ஏழு வருடம் இன்னும் கனக்கிறது.

நாவலின் நடுவில் வரும் இரவுக் காட்சியை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மே மாத நள்ளிரவு, ஊர் தூங்குகிறது, டிம்ஸ்டேல் யாரும் பார்க்க முடியாத நேரம் பார்த்து அதே தண்டனை மேடையில் போய் நிற்கிறான். பழைய கவர்னர் வின்த்ரோப் இறந்துபோன வீட்டிலிருந்து சவ உடைக்கு அளவெடுத்துவிட்டு ஹெஸ்டரும் ஏழு வயது மகள் பேர்லும் அந்த வழியாக வருகிறார்கள். மேலே வாருங்கள் என்று கூப்பிடுகிறான், மூவரும் கை கோத்து நிற்கிறார்கள். மகளின் கையைப் பிடித்த அந்த நொடியில் அவன் உடம்புக்குள் புது உயிர் வெள்ளம்போலப் பாய்கிறது என்று எழுதுகிறார் ஹாத்தோர்ன். ஏழு வருட நோன்பும் சாட்டையும் தராததை ஒரு குழந்தையின் உள்ளங்கை தருகிறது. பேர்ல் உடனே கேட்கிறாள்: நாளை மத்தியானம் எங்களோடு இங்கே நிற்பாயா? நாளைக்கு இல்லை, கடைசி நியாயத்தீர்ப்பு நாளில் நிற்கிறேன் என்கிறான். குழந்தை சிரிக்கிறது. அப்போது வானத்தில் ஒரு எரிகல் வெளிச்சம், அதில் அவனுக்குப் பெரிய 'ஏ' தெரிகிறது, வானமே தன் பாவத்தை எழுதிக் காட்டுகிறது என்று நினைக்கிறான். மறுநாள் கோயில் ஊழியன் வந்து, ராத்திரி வானத்தில் 'ஏ' தெரிந்ததாமே, நம் கவர்னர் ஏஞ்சல் ஆகிவிட்டார் என்பதற்கான அடையாளம் என்று சாதாரணமாகச் சொல்கிறான். ரகசியமாக நீண்ட நாள் வலியைச் சுமந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஆகாயமும் தன் கதையை எழுதும் ஒரு பக்கமாகிவிடுகிறது, இது மனநோய், தன்முனைப்பின் உச்சம் என்று நாவலாசிரியர் மறைக்காமல் சொல்கிறார். குற்ற உணர்வுக்குள் இவ்வளவு 'நான்' இருக்க முடியும் என்று இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

இப்போது ஹெஸ்டர் பக்கம் வருவோம்.

அவள் அந்த ஊரைவிட்டுப் போயிருக்கலாம். ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று தண்டனையில் எதுவும் இல்லை, இங்கிலாந்துக்குத் திரும்பலாம், காட்டுக்குள் போய் வேறு மக்களோடு வாழலாம். போகவில்லை. குற்றம் நடந்த இடத்திலேயே தண்டனையும் கழியட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள், ஆனால் அவள் நேசித்த ஆள் நடக்கிற தெரு அது என்பதுதான் அவளே ஒப்புக்கொள்ளத் தயங்கும் காரணம் என்பதையும் ஹாத்தோர்ன் சொல்லிவிடுகிறார். ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்த, யாரோ கைவிட்டுப் போன கூரை வேய்ந்த குடிசையில் குடியேறுகிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் ஊசிவேலை. தண்டனையாகக் கொடுத்த எழுத்தையே தங்க இழையால் ஓரம் கட்டி அழகாகத் தைத்துக்கொண்டுதான் அவள் சிறை வாசலைவிட்டு வெளியே வந்தாள், பார்த்த பெண்களுக்கு வயிறு எரிந்தது. அதே கைவேலைதான் பிறகு சோறு போடுகிறது. கவர்னரின் கழுத்துப் பட்டி, படைவீரர்களின் இடைக்கச்சை, போதகர்களின் உடை, குழந்தைகளின் தொப்பி, சவத்துக்குப் போடும் ஆடை என்று அவள் தையல் படாத உடை குறைவு. ஒன்றை மட்டும் அவளிடம் தருவதில்லை. மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டுத் துணியை அவள் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மீள்திறன் என்று இன்று நாம் புழங்குகிற சொல்லைக் கேட்டால் பலருக்கும் தலைநிமிர்ந்து சிரித்த முகத்தோடு நிற்கிற ஒருத்தி ஞாபகம் வரலாம். ஹெஸ்டர் அப்படி இல்லை, அதனால்தான் அவளை நம்ப முடிகிறது. சம்பாதித்ததில் மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுக்கிறாள், வாங்கிக்கொண்ட கையாலேயே அவர்கள் அவளை இழிவாகப் பேசுகிறார்கள். தேவாலயத்துக்குப் போனால் பிரசங்கத்துக்கே அவள்தான் பொருள். தெருப் பிள்ளைகள் அவள் பின்னால் கத்திக்கொண்டு வருகிறார்கள். ஒரு கட்டத்தில், இந்தக் குழந்தையை இப்போதே பரலோகத்துக்கு அனுப்பிவிட்டு நானும் போய்விட்டால் என்ன என்ற எண்ணம்கூட அவளுக்கு வருகிறது. அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கும். அதைத் தாண்டி அவள் மறுநாளும் எழுந்து ஊசியில் நூல் கோக்கிறாள். யாராவது நோயில் விழுந்தால் கூப்பிடாமலேயே போய் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள், நோயாளி எழுந்ததும் நன்றியை எதிர்பார்க்காமல் கிளம்பிவிடுகிறாள். வருடங்கள் போகப் போக ஊர் அந்த 'ஏ'வுக்குப் புது அர்த்தம் சொல்ல ஆரம்பிக்கிறது, ஏபிள், திறன் உள்ளவள் என்று. அவர்கள் ஒட்டிய எழுத்தை அவள் பிய்த்து எறியாமலே அதன் பொருளை மாற்றிவிட்டாள்.

இதற்கு அவள் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. கருத்த செழிப்பான கூந்தலைத் தொப்பிக்குள் திணித்துவிட்டாள், முகத்தில் இருந்த கனிவு காய்ந்துவிட்டது, சிலைபோல ஆகிவிட்டாள் என்று எழுதுகிறார். தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் மென்மையை எங்கேயாவது புதைத்துவைக்க வேண்டியிருந்தது. தனிமையில் அவள் யோசிக்கவும் ஆரம்பிக்கிறாள், பெண்ணின் நிலை மாற வேண்டுமானால் சமூகத்தையே பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்கிற அளவுக்கு. நீதிபதிகளுக்கு அது தெரிந்திருந்தால் எழுத்தோடு விட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஹெஸ்டருக்குக் குற்ற உணர்வே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஊர் தேடிய இடத்தில் இல்லை. இந்த நாவலைப் பற்றிப் பேசும்போது பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

அவள் கணவன், ரோஜர் சில்லிங்வொர்த் என்ற பொய்ப் பெயரில் மருத்துவனாக ஊரில் தங்குகிறான். தான் யார் என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சிறையிலேயே அவளிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறான். பிறகு டிம்ஸ்டேலின் நோயைப் பார்க்கிற சாக்கில் அவனோடு ஒரே வீட்டில் குடியேறி, நாளுக்கு நாள் அவன் மனதைத் தோண்டிக் குத்திக்கொண்டே இருக்கிறான். ஹெஸ்டருக்கு இது தெரியும், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாய் மூடியிருக்கிறாள். அந்த இரவில் மேடையில் டிம்ஸ்டேல் எவ்வளவு உடைந்துபோயிருக்கிறான் என்று நேரில் பார்த்த பிறகுதான், இதற்கு நானும் காரணம் என்று அவளுக்கு உறைக்கிறது. அடுத்து அவள் செய்வதைக் கவனியுங்கள். நோன்பிருக்கவில்லை, அழுதுகொண்டு உட்காரவில்லை. கடற்கரையில் மூலிகை பறித்துக்கொண்டிருந்த சில்லிங்வொர்த்திடம் நேராகப் போய், நான் அவனிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்கிறாள். டிம்ஸ்டேல் வரக்கூடிய காட்டுப் பாதையில் காத்திருக்கிறாள். சொல்கிறாள். அவன் முகம் கறுத்து, உன்னை மன்னிக்க முடியாது என்று சீறுகிறான். ஏழு வருடம் ஊரே முகம் சுளித்தபோது தாங்கியவளால் இந்த ஒருவனின் சுளிப்பைத் தாங்க முடியவில்லை, அவன் தலையை இழுத்துத் தன் மார்போடு, அந்த எழுத்தின் மேலேயே சேர்த்து அணைத்துக்கொண்டு, மன்னிக்கிறேன் என்று சொல்லும்வரை விடவில்லை.

அவர்கள் காதலுக்காக அவள் வருந்தவில்லை, அதற்கென்று ஒரு புனிதம் இருந்தது என்று அதே காட்டில் அவனிடம் சொல்கிறாள். தன் மௌனத்தால் இன்னொரு உயிர் சிதைந்ததே, அதற்காகத்தான் வருந்துகிறாள். அவள் குற்ற உணர்வு எதிரில் இருக்கிற ஆளைப் பார்க்கிறது, அதனால் அதற்குக் கால் முளைத்து நடக்கிறது, சொல்ல வேண்டியதைச் சொல்கிறது, மன்னிப்பைக் கேட்டு வாங்குகிறது. ஏழு வருடம் பிள்ளை வளர்த்து, நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்து, இன்னொருவர் தேவையையே பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் இது வரும் என்று நினைக்கிறேன். அவளுடைய மன உறுதியும் அவளுடைய குற்ற உணர்வும் ஒரே பழக்கத்திலிருந்து வந்தவை.

சில்லிங்வொர்த்துக்கும் ஆரம்பத்தில் இது இருந்தது என்பது ஆச்சரியமான விஷயம். முதல் தவறு என்னுடையது, உன் இளமையை என் முதுமையோடு கட்டிப் போட்டேனே என்று சிறையில் அவளிடம் ஒப்புக்கொள்கிறான். ஏழு வருடம் கழித்துக் கடற்கரையில், தான் பிசாசாக மாறிவிட்டதைக் கண்ணாடியில் பார்த்தவன்போல ஒரு நொடி திடுக்கிடுகிறான். மன்னித்துவிடு, நீயும் விடுதலை அடைவாய் என்று அவள் கெஞ்சுகிறாள். எல்லாம் விதி என்று சொல்லிவிட்டு மூலிகை பறிக்கப் போய்விடுகிறான். அவ்வளவுதான், அவன் கதை அங்கே முடிந்துவிட்டது.

காட்டில் கப்பலேறித் தப்பிப்போகலாம் என்று முடிவு செய்கிறார்கள். ஹெஸ்டர் எழுத்தைக் கழற்றி எறிகிறாள், தொப்பியைக் கழற்றுகிறாள், கூந்தல் விரிகிறது, ஏழு வருடம் புதைந்திருந்த பெண் திரும்பி வருகிறாள். ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பேர்ல் வர மறுக்கிறாள், எழுத்து மறுபடி மார்பில் ஏறினால்தான் வருவேன் என்று கத்துகிறாள். எழுத்து இல்லாத அம்மாவை அவளுக்குத் தெரியாது. டிம்ஸ்டேல் முத்தம் கொடுத்ததும் ஓடிப்போய் ஓடையில் நெற்றியைக் கழுவிக்கொள்கிறாள், ஊர் முன்னால் கை பிடிக்காதவனின் முத்தம் எனக்கு எதற்கு என்பதுபோல. கப்பல் நான்காம் நாள் கிளம்புகிறது என்று கேட்டதும் டிம்ஸ்டேலுக்கு ஏன் சந்தோஷம் வருகிறது தெரியுமா? மூன்றாம் நாள் புது கவர்னர் பதவியேற்பு, அன்றைக்கு அவன் பிரசங்கம். கடமையைச் செய்யாமல் ஓடினான் என்று யாரும் சொல்ல மாட்டார்களே. மனைவியாக இருக்க வேண்டியவளோடு புது வாழ்க்கைக்குக் கிளம்பும்போதும் ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்லும் என்பதுதான் கணக்கு.

ஆனாலும் கடைசியில் அவனுக்கு நியாயம் செய்தாக வேண்டும். பிரசங்கம் முடிந்து, புகழின் உச்சியில், ஊரே பார்க்கும் பட்டப்பகலில் ஹெஸ்டரையும் மகளையும் கூப்பிட்டுக்கொண்டு மேடை ஏறுகிறான். ஏழு வருடம் முன்னால் நான் நின்றிருக்க வேண்டிய இடம் இது என்று சொல்லிவிட்டு அங்கேயே சாகிறான். மறுபடியும் நாம் சந்திப்போமா என்று ஹெஸ்டர் கேட்கிறாள், நாம் மீறிய சட்டம் அப்படி நம்ப விடவில்லை என்று பயத்தோடு பதில் சொல்கிறான், அது எனக்கு இன்னமும் கசக்கிறது. ஆனால் பேர்ல் குனிந்து அவனுக்கு முத்தம் கொடுக்கிறாள், அழுகிறாள். அதுவரை எதற்கும் கட்டுப்படாத காட்டுப் பிள்ளையாக இருந்தவள் அந்தக் கண்ணீரில்தான் மற்றவர்களைப்போல மனுஷியாகிறாள். அவன் செய்த அத்தனை தவத்திலும் இன்னொருவருக்குப் பலன் தந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

ஹாத்தோர்ன் இதை எங்கிருந்து எடுத்தார் என்று யோசித்தால் அவருடைய சொந்த ஊரும் ரத்தமும் வந்து நிற்கின்றன. 1692இல் சேலத்தில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்களே, அந்த வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாத்தோர்ன் இவருடைய மூதாதை. தன் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'டபிள்யூ'வைச் சேர்த்துக்கொண்டவர் இவர். முன்னோர்கள் செய்த கொடுமைக்கான வெட்கத்தைத் தன் மேல் ஏற்றுக்கொள்வதாக இந்த நாவலின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். 1849இல் ஆட்சி மாறியதால் சேலம் சுங்க அலுவலக வேலை போனது, அதே கோடையில் அம்மா இறந்துபோனார், அந்தத் துயரத்தில் உட்கார்ந்து எழுதியது இது. கடைசி அத்தியாயங்களை மனைவி சோஃபியாவுக்குப் படித்துக் காட்டும்போது அவருக்கே குரல் தடுமாறியது, சோஃபியா தாங்க முடியாத தலைவலியோடு படுக்கப் போனார். குற்றம் செய்த முன்னோரின் வழிவந்தவர், தண்டிக்கப்பட்டவள் பக்கம் போய் நின்று எழுதிய கதை என்பதால்தான் அதில் அந்தச் சூடு இருக்கிறது.

பேர்ல் பெரிய சொத்துக்கு வாரிசாகி, அம்மாவோடு கடல் கடந்து போய்விடுகிறாள். பல வருடம் கழித்து ஒரு நாள் ஹெஸ்டர் மட்டும் தனியாகத் திரும்பி வந்து அதே குடிசைக் கதவைத் திறக்கிறாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எழுத்தைத் தானே மறுபடி அணிந்துகொள்கிறாள். மனம் உடைந்த பெண்கள் அவளைத் தேடி அந்தக் குடிசைக்கு வருகிறார்கள். எங்கோ தூர தேசத்திலிருந்து முத்திரை குத்திய கடிதங்கள் வருகின்றன. ஒரு தடவை அவள் சின்னதாய் ஒரு குழந்தைச் சட்டை தைத்துக்கொண்டிருந்ததை ஊரார் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு தங்க இழை, அவ்வளவு பூவேலை, பாஸ்டன் தெருவில் எந்தக் குழந்தைக்காவது அதைப் போட்டிருந்தால் ஊரே திரண்டிருக்கும்.